சீமெந்தில் நட்ட மேசை

மச்சான்,

இன்று காலையில் நம்முடைய பட்டறை மேசையில் அறுக்கும் வாளை வைத்தேன். நாலு இழுவைதான். மரத்துக்குள்ளிருந்து மண்ணெண்ணெய் மணந்தது. நீ பக்கத்தில் வந்து நின்றால் அடிக்கிற அதே மணம். குளித்தாலும் உனக்கு அது போகாதே. வாளைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ போய் இரண்டு மாரி கழிந்துவிட்டது.

சங்கதி இதுதான். சின்னவளுக்குக் கல்யாணம் முடிந்தது. வீடும் வளவும் அவளுக்குச் சீதனம். நானும் இந்த வாகரை வீட்டுக்கு ஒரு ஸ்பானர் சாமான் பெட்டியோடு மாப்பிள்ளையாக வந்தவன்தானே. கொடுத்த வீட்டில் இனி நாங்கள் இருப்பது அழகில்லை. பழுகாமத்தில் என் மனிசியின் தங்கச்சி வளவில் ஒற்றை அறை ஒன்று கிடக்கிறது. சுற்றிலும் நெல் வயல் வட்டை. படகு எஞ்சினை அங்கே எவன் தூக்கிக்கொண்டு வருவான்?

"அப்பா, பாதி மேசைய அறுத்துக் கொண்டுபோங்களன்" என்றாள் சின்னவள் நேற்று. நல்ல பிள்ளை. எந்தப் பாதி என்று சொல்லவில்லை. உன் பாதியா, என் பாதியா?

முதல் பட்டறையைச் சுனாமி அள்ளிக்கொண்டு போனபிறகு இதைப் போட்டோம், ஞாபகமா? கால் நாலையும் சீமெந்தில் நட்டாய். பலகைக்குள் நெடுக இரும்புக் கம்பி ஓட்டினாய். மனிசி எட்டிப் பார்த்தாள். "அண்ணன், இது கதவால போகாதே. பிறகு எப்படி வெளிய எடுப்பீங்க?"

"ஏன் தங்கச்சி எடுக்கணும்? கடலே வந்தாலும் இது இஞ்சதான் இரிக்கும்."

நானும் சேர்ந்து சிரித்தேன். இரண்டு பெரிய எஞ்சினியர்மார்! கடலை நினைத்தோம், சீதனத்தை நினைக்கவில்லை. சின்னவள் அப்போது அந்த ஈரச் சீமெந்தில்தான் தவழப் பார்த்தாள். நீதான் தூக்கி அந்தப் பக்கம் விட்டாய்.

நீ இடப்பக்கம், நான் வலப்பக்கம். எஞ்சினுக்குள் தலையை விட்டபடி ஒருவன் கையை நீட்டினால், மற்றவன் வேண்டிய ஸ்பானரை வைக்க வேண்டும். பேச்சே கிடையாது. ஒருநாள் நீ நீட்டிய கையில் உயிர் நண்டை வைத்தேன். நீ போட்ட கூச்சலில் கரையில் நின்ற ஆட்களெல்லாம் ஓடி வந்தார்கள். "செத்தாலும் உன்ன விடமாட்டன்டா" என்றாய். பொய்க்காரன். நெஞ்சு நோகுது என்ற அன்றைக்கும் "இந்த எஞ்சினப் பூட்டிட்டு வாறன்" என்றாய். நீ கழற்றிப் போட்டிருந்த அதை நான்தான் பூட்டினேன்.

பின்னேரம் ஒரு முடிவுக்கு வந்தேன். உன் பாதியை எடுப்போம். என் பாதி எனக்கு எதற்கு, நான்தான் இருக்கிறேனே. மறுபடி அறுத்தேன். உன் கம்பியில் பட்டு வாளின் பல் போனது. மேசைக்காலைப் பிடித்து ஆட்டினேன். அசையவில்லை. பட்டறை இடத்தில் ஒரு அறை கட்ட நினைத்திருக்கிற மருமகன், சம்மட்டியோடு வாசலில் வந்து நின்றான்.

"மாமா, உடைக்கட்டா?"

"நாங்க போன பிறகு உடை மனே."

ஒரு பெட்டியோடு வந்தேன், ஒரு பெட்டியோடு போகிறேன். பழுகாமத்தில் அதைத் திறப்பேன் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. சாமான்களை அடுக்கும்போது, குனிந்தபடியே இடது கையை நீட்டிவிட்டேன், மச்சான். பழக்கம். எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

ஒரு நண்டையாவது வைத்திருக்கலாம் நீ.