நாலே நாலுதானே கூடுகிறது

மார்ச் 3

அன்புத் தங்கைக்கு,

கோபம் ஆறியிருக்கும் என்று எழுதுகிறேன். அடுத்த மாதம் முதல் தேதி கடையைப் பெரிதாக்கித் திறக்கிறோம். பெயர்ப்பலகையிலிருந்து உன் பெயரை எடுத்தது உன் அத்தான் முடிவு. நான் என்ன செய்ய?

குழந்தைச் சட்டைகள் நம் வழக்கப்படியே. ஒவ்வொரு வகையிலும் ஒன்று தைத்துத் தொங்கவிடுவோம். வகை போதவில்லை என்கிறார்கள். என்ன சேர்க்கலாம்? உனக்குத்தான் கை வந்த வேலை.

உன் அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

நலம். கடை தொடங்கிய நாளிலிருந்து தைத்தவளை, வாடிக்கையாளர் முன்னால் "இவ கூலிக்குத் தைக்கிறவ, கடை என்னோடது" என்றாய். அதுவும் நலமே.

இப்போது மூன்று கழுத்து, இரண்டு கை, நான்கு நிறம். மூன்றிலும் ஒவ்வொன்று கூட்டு. பாக்கெட் வைத்தும் வைக்காமலும் கொடு. நோட்டீஸ் அடி. பெரிய எழுத்தில்.

தங்கை

மார்ச் 13

என் கண்ணே,

நீ தங்கம்டி! நாலே நாலுதானே கூடுகிறது. இருந்த இருபத்துநான்கோடு நான்கு. சட்டை மாட்டச் சுவரில் இருபத்தெட்டுக் கொக்கி அடித்தாயிற்று. "எந்த வகை கேட்டாலும் உடனே கையில், இல்லையென்றால் இலவசமாகத் தைத்துத் தருவோம்" என்று தெருத்தெருவாக ஒட்டியாயிற்று. உன் அத்தான்கூட, "பாத்தியா, அவளுக்கு உன்மேல பாசம் போகல" என்றார்.

அக்கா

மார்ச் 28

தங்கைக்கு,

கொக்கிகள் நிறைந்துவிட்டன. வகை முடியவில்லை. வட்டக் கழுத்து நீலத்தைத் தைத்து மாட்டினால், அதிலேயே பாக்கெட் வைத்தது பாக்கி நிற்கிறது. புதிய தையல்காரி, "அம்மா, இது தைக்கத் தைக்க வளருது, ஆளை விடுங்க" என்று போய்விட்டாள். தெரிந்தா சொன்னாய்? திட்டுவதானால் நேரில் வந்து திட்டு. வாடி.

அக்கா

மார்ச் 31

அக்காவுக்கு,

தெரிந்துதான் சொன்னேன். நீ கூட்டினாய். இது பெருக்கல். நான்கு கழுத்துக்கும் மும்மூன்று கை, பன்னிரண்டு. ஒவ்வொன்றும் ஐந்து நிறத்தில், அறுபது. பாக்கெட் உண்டு, இல்லை. நூற்றிருபது.

எழுதும்போது வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

தைக்க இருக்கும் ஆட்களையும் சேர்த்துப் பெருக்கு. பூஜ்யம். மற்றதெல்லாம் எத்தனை இருந்தாலும் விடை இனி அதுதான்.

இதை ஆள்மூலம் இன்றே கொடுத்தனுப்புகிறேன். நாளை காலை வருவேன். உள்ளே வந்து உட்கார மாட்டேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பேன். சதுரக் கழுத்து, அரைக் கை, பச்சை, பாக்கெட் இல்லாமல். எல்லோர் முன்னாலும் கேட்பேன்.

இப்படிக்கு,
உங்கள் முதல் வாடிக்கையாளர்