சட்டிச் சோறு

திருகோணமலை
14.5.1957

அன்பு மனைவி நாகலெட்சுமிக்கு,

நான் சுகம். நீயும் அம்மாவும் சுகந்தானே? அம்மாவின் இருமல் நின்றதா என்று எழுது.

ஞாயிறன்று கனகசபை அண்ணனின் படகு என்ஜினைப் பழுதுபார்த்துக் கொடுத்தேன். கடலோரத்தில் அவர் குடும்பமே நடத்தும் சாப்பாட்டுக்கடையில் எனக்கு விருந்து வைத்தார். வாசற்படி வரை தண்ணீர், எதிரே மலை. பாரை மீன் குழம்பு, நண்டு, இறால் என்று இலை நிறைந்துவிட்டது. என்ஜின் சுட்ட விரலில் குழம்பு பட்டு எரிந்தது, பெரிதாக ஒன்றுமில்லை.

கடை ஓய்ந்ததும் அவர் மனைவி, குழம்புச் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து அண்ணன் கையில் உருட்டி வைத்தார்.

"எனக்கும் ஒரு வாய் குடுங்கக்கா" என்றேன்.

"அது எங்கட வீட்டு ஆம்பிளைக்கு, தம்பி. உமக்கு மனுசி இல்லையோ?" என்று சிரித்தார்.

வயிறு நிறைந்திருந்தும் எனக்குப் பொறுக்கவில்லை.

உன் மாமன் மகன் வீரய்யா ஹட்டனில் மீன் வாங்கி வந்து, தோட்டத்தில் நம் லயத்து வீட்டில் சாப்பிட்டுப் போனதாக எழுதியிருந்தாய். உன்னைக் கட்டிக்கொள்ள இருந்தவன் அவன். "ஒன் கொழம்பு மாதிரி வராது புள்ள" என்றானாம். இதை எனக்கு எழுத வேண்டுமா?

கொஞ்சம் தேயிலைத்தூள் அனுப்பு. இங்கே கிடைப்பது வெறும் சாயத் தண்ணீர்.

ஒர்க்‌ஷாப் சங்கு ஊதிவிட்டது. தீபாவளிக்கு வருகிறேன், மீன் நானே கொண்டுவருவேன். அதுவரை வீரய்யா வந்தால் தட்டில் போட்டுக் கொடு. சட்டியில் மட்டும் பிசைந்து கொடுக்காதே.

உன்
அழகுமுத்து