நாற்காலி போட்ட பாடகர் குழு

அக்கா,

இன்று சனிக்கிழமை. மத்தியானம் ஒரு மழை அடித்து ஓய்ந்தது. சாயங்காலப் பாட்டுப் பயிற்சிக்காக நம் சபைக் கோயிலின் பக்கத்து அறையைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. தோலும் ஒட்டுகிற சொல்யூஷனும் பழைய துணியும் கலந்த வாசனை. உங்கள் குஷனிலிருந்து வருவது. ஷூ கம்பெனியில் மிஞ்சிய லைனிங் துண்டுகளை ஒட்டி, கம்பெனி நூலாலேயே தைத்து, என் மகள் ஜெனிக்காக நீங்கள் கொண்டுவந்தீர்களே, அந்தக் குஷன். ஈரம் பட்டால் இன்னும் மணக்கிறது. ஆம்பூரில் இருந்துகொண்டு தோல் வாசனைக்கு ஒருத்தி வாசலிலேயே நின்றுவிட்டாள் என்றால் யாராவது சிரிப்பார்கள். நான் நின்றுவிட்டேன்.

குழுவில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். பேங்க் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவள். நாங்கள் நாற்காலிகளை வரிசையாகப் போடுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஆன்ட்டி, எங்க ஊர்ல கொயர் நின்னுதான் பாடும். இங்க மட்டும் ஏன் உக்காந்து பாடறீங்க?"

"ஒரு அக்கா உக்கார வெச்சாங்க" என்றேன். அவளுக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை.

உங்களைத் தெரியாதவர்கள் இந்தக் கதையை எளிதாக நம்புவார்கள். தெரிந்தவர்கள்தான் நம்ப மாட்டார்கள். பகலெல்லாம் செக்கிங் டேபிளில் நின்று, தையல் ஒரு நூல் விலகினாலும் ஷூவின் மேல்தோலை 'ரிஜெக்ட்' என்று தள்ளிவிடுகிறவர் நீங்கள். சனிக்கிழமை சாயங்காலம் குழுவை நடத்தும்போது எங்களையும் அதே கண்ணோடுதான் பார்ப்பீர்கள். சுவரில் லேசாகச் சாய்ந்தால் போதும். "இன்னாம்மா, செவுரு வுழுந்துடும்னு புடிச்சிக்கினு இருக்கியா?" என்பீர்கள். நின்று பாடினால்தான் அடிவயிற்றிலிருந்து மூச்சு வரும் என்பது உங்கள் வேதம். கால்வலி என்று சொன்ன ஆல்ட்டோ குரல் பாடுகிற அக்காவையே வீட்டுக்கு அனுப்பியவர்தானே!

கொரோனா இரண்டாம் அலையில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்தது. ஜெனிக்குத்தான் மிகவும் லேசாக வந்து போனது. பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிற அவசரத்தில் அவளுக்கு வந்ததையே மறந்துவிட்டோம். பிறகு பள்ளி திறந்தார்கள், கோயில் திறந்தார்கள், பயிற்சியும் தொடங்கியது. எல்லோரும் பழையபடி ஆனார்கள். ஜெனி மட்டும் ஆகவில்லை. மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார்ந்துவிடுவாள். சின்ன வயதிலிருந்து மனப்பாடமான பாட்டில் இரண்டாம் சரணம் வராமல் விழிப்பாள். ஒரு நாள் நன்றாக ஓடி ஆடுவாள். அடுத்த நாள் எழுப்பினால் எழமாட்டாள், தலைவலி என்பாள், வெளிச்சம் கூசுகிறது என்பாள்.

ரத்தம், சளி, எக்ஸ்ரே எல்லாம் பார்த்தோம். எல்லாம் நார்மல். நார்மல் என்று வந்ததுதான் வினையாகப் போயிற்று. நேற்று ஆடினவளுக்கு இன்று என்ன கேடு என்று கேட்காத ஆள் இல்லை. பள்ளியில் 'சாக்கு' என்றார்கள். அவள் அப்பா, "மொபைல புடுங்கினா எல்லாம் சரியாய்டும்" என்றார், புடுங்கியும் பார்த்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஒரு மத்தியானம் படுத்தபடியே ஜெனி என்னிடம், "நான் நெஜமாவே சோம்பேறியாம்மா? எனக்கே தெரியலம்மா" என்றாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. தன் உடம்பு சொல்வதையே நம்பாத பிள்ளையை நான் எதைச் சொல்லித் தேற்றுவது?

அந்த வாரம்தான் ஷிப்ட் முடிந்து, கழுத்தில் கம்பெனி அட்டையோடு நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். பல ஞாயிறு வராமல் போனதற்காக ஜெனியைக் குழுவிலிருந்து நீக்கப்போகிறீர்கள் என்றே நினைத்தேன். டீயைக் கையில் கொடுத்தேன். நீங்கள் குடிக்கவில்லை. அவள் அப்பாவைப் பார்த்துத்தான் பேசினீர்கள்.

"நானும் பார்த்துக்கினே வர்றேன். சனிக்கிழம இவ சுமாரா பாடினா, ஞாயித்துக்கிழம ஆராதனைக்கு வந்துடறா. என்னிக்கு நல்லா, ஜாஸ்தியா பாடறாளோ, அடுத்த நாள் ஆள் இல்ல. சோம்பேறியா இருந்தா நேர்மாறா இல்ல இருக்கணும்? சோம்பேறி எதுக்கு நல்லா பாடப் போறா?"

உள்ளறையில் படுத்திருந்த ஜெனி எழுந்து வாசற்படி வரை வந்து நின்றாள். மாதக்கணக்கில் யாரும் அவள் பக்கம் நின்று பேசிக் கேட்டிராத பிள்ளை, அக்கா. அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

லீவு போட்டு எங்களோடு வேலூருக்கு பஸ் ஏறினீர்கள். அங்கே பிள்ளைகள் டாக்டர் பொறுமையாகக் கேட்டார். நான் நோயைச் சொன்னேன், நீங்கள் சனி ஞாயிறு கணக்கைச் சொன்னீர்கள். கொரோனா போன பிறகும் சில பிள்ளைகளுக்கு இப்படி நீடிக்கிறது என்றார். டெஸ்ட் நார்மலாக இருந்தாலும் பிள்ளை சொல்வது பொய்யில்லை என்றார். களைத்த பிறகு ஓய்வு எடுத்தால் பயனில்லை, களைக்கும் முன்பே நிறுத்தப் பழக வேண்டும், நன்றாக இருக்கும் நாளில்தான் அதிகக் கவனம் என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் அதை உங்கள் பாஷையில் மாற்றிக் கொடுத்தீர்கள்: "பாதி மூச்சு மிச்சம் இருக்கும்போதே பாட்ட நிறுத்து."

அதற்குப் பிறகு உங்கள் கண்டிப்பு அத்தனையும் திசை மாறியது. பாடாததற்குத் திட்டியவர், பாடியதற்குத் திட்ட ஆரம்பித்தீர்கள். "இன்னிக்கு நல்லா இருக்குதா? அப்ப மூணாவது பாட்டு உனக்குக் கெடையாது. வாயக்கூட அசைக்காத." பள்ளிக்கும் போனீர்கள். அங்கே என்ன பேசினீர்களோ தெரியாது, காலை வணக்கக் கூட்டத்துக்கு அவள் வெயிலில் நிற்க வேண்டாம், முடிந்த நாள் அரை நாள் வந்தால் போதும் என்று ஆயிற்று.

கோயிலில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டீர்கள், இந்தக் குஷனோடு. எல்லோரும் நிற்கையில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்தால் சபை முழுவதும் அவளைத்தானே பார்க்கும்? அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையன்று வெட்கப்பட்டுக்கொண்டு ஜெனி கடைசி வரை நின்றே பாடினாள். அழகாகப் பாடினாள். அதன் பிறகு அந்த வாரம் முழுவதும் அவளுக்குச் சோறுகூட நான்தான் ஊட்டினேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர்கள் திகைத்தார்கள். குழு முழுவதற்கும் நாற்காலி. நடத்துகிற உங்களுக்கும் ஒன்று. கோயில் கமிட்டி செக்ரட்டரி வேகமாக வந்தார்.

"இன்னா சிஸ்டர் இது, கொயரா கல்யாணப் பந்தியா?"

"பந்தின்னு நெனச்சா எல போட்டுக்கினு உக்காருங்க. பாட்டுன்னு நெனச்சா கேட்டுட்டுப் போங்க."

உண்மையைச் சொன்னால் அந்த மாதமெல்லாம் நம் பாட்டு கேட்கச் சகிக்கவில்லை. உட்கார்ந்தால் உங்களுக்கே கை சரியாக எழவில்லை. "கேவலமா இருக்குது. இருக்கட்டும். உக்காந்தே பழகுங்க" என்றீர்கள். வேலூரில் நடந்த பாட்டுப் போட்டிக்கும் நாற்காலியோடுதான் போனோம். நிற்காததற்கு மதிப்பெண்ணைக் குறைத்தார்கள், தோற்றோம். திரும்பும்போது வேனில் நாங்கள் எல்லோரும் பேஜாராகி உட்கார்ந்திருக்க, நீங்கள் மட்டும் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த ஜெனியைக் காட்டி, "நாளைக்கு இவ படுக்கலன்னா அதான் நம்ம கப்பு" என்றீர்கள். அவள் படுக்கவில்லை. தோற்பதென்றால் உங்களுக்கு எவ்வளவு கசப்பு என்று தெரிந்தவள் நான். அதனால்தான் இன்றுவரை அந்த வார்த்தையை நினைத்து மலைக்கிறேன்.

ஜெனி இப்போது பிளஸ் டூ. முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் தன் அளவு அவளுக்குத் தெரியும், அதைச் சொல்ல வெட்கப்படுவதில்லை. நானும் ஒன்று கற்றுக்கொண்டேன். கடையிலோ பஸ்ஸிலோ எந்தத் தாயாவது, "எம் பொண்ணு சோம்பேறியாய்ட்டா, டெஸ்ட்ல ஒண்ணுமில்ல" என்று சொன்னால் என் வாய் சும்மா இருப்பதில்லை. "நல்லா ஆடின மறுநாள் எப்பிடிம்மா இருக்கா?" என்று கேட்டுவிடுகிறேன். உங்கள் கேள்வி அது. சிலர் அதைக் கேட்டதும் பேச்சை நிறுத்தி யோசிக்கிறார்கள். டாக்டரிடம் போய் இதையே சொல்லுங்கள் என்று அனுப்புகிறேன்.

போன மழைக்காலத்தில், செக்கிங் டேபிளில் நின்றுகொண்டிருந்தபோதே நெஞ்சு வலித்துச் சரிந்தீர்கள். எங்களை எல்லாம் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் நின்றபடியே போய்விட்டீர்கள் அக்கா. அதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

அந்த வாரச் சனிக்கிழமை அடக்கம். சாவு வீட்டிலும் நிற்க வேண்டுமோ என்று நாங்கள் தயங்கியபோது, நாற்காலிகளைத் தூக்கிவந்து போட்டவர் அந்தச் செக்ரட்டரிதான். ஜெனி அன்றைக்குப் பாடியதைப்போல் எப்போதும் பாடியதில்லை. இரண்டு பாட்டு. மூன்றாவது, உங்களுக்கு உயிரான கீர்த்தனை. குழு அதைத் தொடங்கியபோது அவள் வாயை மூடிக்கொண்டு மடியில் கையை வைத்துக்கொண்டாள். கண்ணீர் மட்டும் வழிந்தது. அழுகையில் குரல் வரவில்லை என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"கொரல் இருந்ததும்மா. இன்னிக்கு ரொம்ப நல்லா இருந்தது. அதான் நிறுத்திக்கிட்டேன். இல்லன்னா ஆன்ட்டி திட்டுவாங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் எழுந்து பார்த்தபோது ஜெனி குளித்து, தலை பின்னி, கோயிலுக்குத் தயாராக நின்றிருந்தாள்.