மாமாவின் நெஞ்சைத் திறந்த அன்று

அன்புள்ள பெரியவளுக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். வழக்கமாக நலம் என்று எழுதுவேன், இந்த முறை அந்தச் சொல்லுக்குக் கை வரவில்லை. நீ அங்கே நலம் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முட்டி வலி, தங்கை யார் பேச்சையும் கேட்பதில்லை, சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. முக்கியமான செய்தி உன் மாமாவைப் பற்றியது. அவன் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுவாய் என்பதால்தான் கடிதம், முழுக்கப் படி.

போன மாதம் அவனுடைய வலது நுரையீரலில் கட்டி என்று தெரிந்தது. மேல் பாகத்தை எடுத்துவிடலாம், ரோபோ வைத்துச் செய்தால் நெஞ்சைப் பிளக்க வேண்டாம் என்றார் எங்கள் மருத்துவமனை சர்ஜன். மாமாவைத்தான் உனக்குத் தெரியுமே, பட்டறையில் எவனாவது எதிர்த்துப் பேசினால் ஸ்பேனரை வீசுகிறவன், சர்ஜனிடமே போய், மிஷினை நம்பி நெஞ்சைக் குடுக்கறேன், ஏதாவது ஆச்சுன்னா கையை ஒடிச்சிருவேன் என்று சொல்லிவிட்டு வந்தான். சொந்தத் தம்பிக்கு நான் மயக்க மருந்து கொடுப்பது முறையில்லை, அதனால் என் ஜூனியர் கொடுத்தாள், எதையும் தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு நான் சுவரோரம் நின்றேன்.

விலா இடுக்குகளில் சின்னத் துளைகள் போட்டு அவற்றின் வழியே ரோபோவின் கைகளை விடுவார்கள், சர்ஜன் அறை மூலையில் திரைக்குள் முகத்தைப் புதைத்து அவற்றை ஓட்டுவார். பெரிய ரத்தக்குழாயை வெட்டுவது ஸ்டேப்ளர். காகிதத்துக்குப் பின் அடிக்கிற அதே யோசனைதான், தாடை போல் கவ்வி, இரண்டு பக்கமும் வரிசையாகப் பின் அடித்து, நடுவில் கத்தி ஓடும். கவ்வியதும் அடிக்கக் கூடாது, திசு நசுங்கித் தட்டையாகும்வரை பொறுக்க வேண்டும். அவர் பொறுத்தார், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சற்று முன் பக்கத்துக் கிளையை அடைக்க அவரே போட்டிருந்த உலோகக் கிளிப் தாடைக்குள் சிக்கியிருந்ததை அவர் பார்க்கவில்லை. திரையில் எல்லாம் பெரிதாகத் தெரியும், தாடைக்குப் பின்னால் இருப்பது தெரியாது. ஸ்டேப்ளரைக் கையில் பிடித்திருந்தால் நறநறப்பாவது தட்டியிருக்கும். கிளிப்பின் மேல் அடித்த பின்கள் மடங்கிக் குழாயை மூடவில்லை, கத்தி மட்டும் பாதி வெட்டிவிட்டு நின்றது.

திரை முழுக்கச் சிவப்பு. இதயத்திலிருந்து வரும் குழாய், ஒவ்வொரு துடிப்புக்கும் பீறிட்டது. மேசையருகே நின்ற உதவி சர்ஜன் துளை வழியாகத் துணிச் சுருளைத் திணித்து அழுத்தினான். ரோபோவின் கைகளை உருவி, அது நிற்கிற வண்டியைச் சுவரில் மோதத் தள்ளினார்கள், சர்ஜன் ஓடி வந்து அக்குளிலிருந்து முதுகுவரை ஒரே இழுப்பில் கிழித்தார். விலாவை விரிக்கும் கருவியைத் திருகத் திருக எலும்பு முறிந்தது, நம் பழைய கட்டிலின் கால் முறிந்ததே, அதே சத்தம். ஜூனியர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அக்கா, வாக்கெல்லாம் அப்புறம், ரத்தப் பையை அழுத்துங்க" என்றாள். அழுத்தினேன். ஒருமுறை இதயம் நின்றுபோனது, நெஞ்சுக்குள் கைவிட்டுப் பிசைந்தார்கள். தரையில் என் செருப்பு வழுக்கியது. தாங்கியில் கட்டியிருந்த அவன் வலது கை சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. நீ நிச்சயத்தை முறித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிய அன்று வாசலில் உன்னை அறைந்து, தோடு தெறிக்கக் காதைக் கிழித்த அதே கை. நெஞ்சைத் திறந்து காட்டினால்தான் என் பாசம் தெரியும் என்பானே, திறந்து பார்த்தாயிற்று. என் கண்ணுக்கு ரத்தமும் சதையும்தான் தட்டுப்பட்டன.

கடைசியில் தைத்து நிறுத்திவிட்டார்கள், கட்டியும் முழுதாக வெளியே வந்துவிட்டது. சர்ஜன் ரத்தம் காயாத உடையோடு வெளியே போய் மாமாவின் மனைவி, உன் அத்தையிடம், "கிளிப் மேலயே அடிச்சுட்டேன், என் தப்புதான்" என்றார். ரத்தக்குழாய் ஏற்கெனவே நைந்திருந்தது என்று சொல்லியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அத்தை அறைந்த அறையில் அவர் கண்ணாடி சுவரில் பட்டு உடைந்தது. மறுபடி ஓங்கிய கையைப் பிடித்தேன், என் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள், பல் தடம் இன்னும் இருக்கிறது. இந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த பாஷை இதுதான் போலும்.

ரத்தம் வடிய நெஞ்சில் செருகியிருந்த குழாயை எடுத்தபிறகு மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்திலிருந்த தண்ணீர் ஜாடியை முதலிலேயே தள்ளி வைத்துவிட்டேன், எறிவான் என்று. எறியவில்லை. அவரே ஒத்துக்கிட்டாரா என்று கேட்டான். அறை வாங்குவதற்கு முன்பே ஒத்துக்கொண்டார் என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். பிறகு, "பெரியவ இப்ப காதுல தோடு போடறாளா, அக்கா?" என்றான். தெரியாது என்றேன்.

இதை வைத்து அவன் மாறிவிட்டான் என்று நான் சொல்ல மாட்டேன், அதற்கு இந்த ஒரு கேள்வி போதாது. அவனை மன்னித்துவிடு என்று உன்னிடம் நான் கேட்கவும் இல்லை, கிழிந்தது என் காது இல்லை. ஆனால் கேள்வி கேட்டுவிட்டான். போடுகிறாயா, இல்லையா, அதை எனக்கு எழுது. அவனிடம் சொல்வதா வேண்டாமா என்பதையும் நீயே எழுது, அதன்படி செய்கிறேன்.

இருமல் விடவில்லை என்றாயே, இந்த வாரமே நெஞ்சுப் படம் எடுத்துவிடு, சாக்குச் சொல்லாதே. எல்லா நன்மையும் உனக்குச் சேரட்டும், யார் கையும் உன் மேல் ஓங்காத வீட்டில் நீ நெடுநாள் நன்றாக இரு.

உன் அம்மா