பசி அடக்கும் ஊசியும் கருவாட்டுக் குழம்பும்

ஜூலை 10, வியாழன். விடாத மழை.

எழுத்து கோணல். 'ழ' வாலைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கோட்டில் போய் விழுகிறது. இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை. இருந்தாலும் மன்னிப்புக் கேட்டுவைக்கிறேன். எழுபத்தொரு வயதில் விரல் இவ்வளவுதான் வளையும். ஒரு பக்கத்துக்கு ஒரு சாயங்காலம். ஆகட்டும். என்ன சுகம், என் பேச்சு எனக்கு முன்னால் காகிதத்தில் கிடக்கிறது!

காலையில் ஊசி. வாரம் ஒன்று. மருமகள் மல்லிகா வேலைக்குக் கிளம்பும் முன் போடுகிறாள். பேனா மாதிரி இருக்கும், ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில். வயிற்றுச் சதையை விரலால் பிடித்துக் குத்த வேண்டும்.

"எடம் தேட வேண்டாம் மாமா. எங்க தொட்டாலும் கெடைக்கி."

சிரித்தேன். தொப்பையும் சேர்ந்து குலுங்கியது. சீ.

எதற்கு ஊசி என்றால், இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. எடை குறையாமல் ஆபரேஷன் இல்லை என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். பசி அடங்க இந்த ஊசியை எழுதிக் கொடுத்தது வேறொரு டாக்டரம்மா. ஒன்றரை மாதம் ஆகிறது. போன வாரத்திலிருந்து அளவைக் கூட்டியிருக்கிறார்.

முழங்கால் எதற்கு என்றால், நான் இந்த வயதில் எழுதப் படிக்கப் போகும் வகுப்பு மாடியில். செங்குத்தான இரும்பு ஏணி. நான் ஏறும்போது கீழே கேரம் ஆடுகிறவர்கள், "ஹட்டோ ஹட்டோ, டிரக் ஆயா" என்பார்கள். வழி விடு, லாரி வருகிறது என்று இந்தியில் கிண்டல். மழை பிடித்ததிலிருந்து ஏறவில்லை. ரூத் டீச்சர் சொல்லி அனுப்பினார்: தினமும் எழுதுங்கள், இல்லையென்றால் மறந்துபோகும். ஆகவே இது.

ஜூலை 12, சனி. மழை. குளிக்கும் மூலையில், மோரியில், தண்ணீர் ஏறிவிட்டது.

குமட்டுகிறவை:
பக்கத்து மராத்திக்காரர் வீட்டில் வறுக்கும் பொம்பில் கருவாடு.
முனையில் வடாபாவ் எண்ணெய்.
அவித்த முட்டை.
பல் தேய்க்கும் பேஸ்ட்.
என் ஏப்பம். அழுகின முட்டையேதான்.
என் வீட்டுக்காரி பேச்சி தலையில் தடவும் தேங்காய் எண்ணெய். (அவளிடம் சொல்லக்கூடாது.)

நான் தோல் பட்டறையில் வேலை பார்த்தவன். உப்புப் போட்ட பச்சைத்தோல் பக்கத்தில் குவிந்திருக்கும். ஈயை ஓட்டிவிட்டுத் தூக்குவாளியை வழித்துத் தின்பேன். அந்த மூக்குதான் இப்போது பேஸ்டுக்குச் சுருங்குகிறது.

மத்தியானம் வீட்டில் நானும் பேச்சியும் மட்டும். மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார்கள்.

"என்னங்க, நெத்திலிக் கருவாடு வச்சிருக்கேன். கத்திரிக்கா போட்டு. எந்திரிங்க."

"பொறவு தின்னுக்கிடுதேன்."

"பொறவுன்னா எப்ப? காலைல இருந்து பொறவு பொறவுன்னுதான் சொல்லுதிய."

மூன்று மணிக்கு உட்கார்ந்தேன். ஊசிக்கு முன்னால் இந்தக் குழம்புக்கு மூன்று தட்டு போகும். இன்று இரண்டு வாய். மூன்றாவது தொண்டையில் நின்று திரும்பியது. மோரிக்கு ஓட முடியாது, முழங்கால். போய்ச் சேர்வதற்குள் பாதி தரையில். கருவாட்டின் கண் அப்படியே கிடந்தது. அதை எழுதும்போதே மறுபடி குமட்டுகிறது.

பேச்சி முதுகைத் தடவினாள். கழுவிவிட்டாள். "நான் வச்ச கொழம்பு ஒங்களுக்கு வெசமாப் போச்சு" என்றாள். ஊசியால்தான் என்றேன்.

ஜூலை 15, செவ்வாய். மழை விட்டிருக்கிறது. வெயில், புழுக்கம், சாக்கடை வாடை.

பத்தரை மணி இருக்கும். எதிர் வீட்டுப் பாக்கியம் சந்தில் கத்திக்கொண்டு வந்தாள். "அண்ணாச்சி! மதினி ரேசன் கடை வரிசைல கிறுகிறுத்து விழுந்துட்டா!"

எழுந்தேன். சுவரைப் பிடித்தேன். நான் சந்து முனையை எட்டுமுன் பேச்சி பாக்கியம் தோளைப் பிடித்து வந்துவிட்டாள். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. ஜாக்கெட் யாரிடமோ இரவல் வாங்கியது போல் தொங்கியது. எப்போதிலிருந்து இப்படி? எனக்குத் தெரியாது.

"ஏளா, காலைல என்ன தின்ன?"

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நேத்து?"

"நல்லாக் கேளுங்க அண்ணாச்சி. ஒரு மாசமா இவ மூஞ்சி காஞ்ச கருவாடு கணக்காத்தான் இருக்கு" என்றாள் பாக்கியம்.

சர்க்கரைத் தண்ணீர் குடித்த பிறகு பேச்சி சொன்னாள். "புருசன் ரெண்டு வாய் தின்னுட்டு எந்திரிச்சா, பொம்பள எப்பிடி ஒரு தட்டு அள்ளித் திங்கது? தொண்டைல எறங்குமா?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் தின்று எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள். நான் 'பொறவு' என்றால் அவளுக்கும் பொறவு. நான் இரண்டு வாய் என்றால் அவளுக்கும் இரண்டு வாய். இராத்திரி மருமகள் கேட்டால், "மத்தியானம் லேட்டாத்தான் தின்னேன்." மிச்சச் சோறு தண்ணீரில். மறுநாள் அதுவும் கொட்டல்.

குமட்டுகிறவை என்று பெரிதாக எழுதினேனே. அதில் என் பெயரை விட்டுவிட்டேன். அவள் கையெட்டும் தூரத்தில் காய்ந்துகொண்டிருக்கிறாள். நான் ஏப்பத்துக்கு என்ன வாடை என்று யோசித்து யோசித்து எழுதியிருக்கிறேன். தூ.

ஜூலை 16, புதன். தூறல்.

மல்லிகா அரை நாள் லீவு. இரண்டு பேரையும் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள். செம்பூர்க்காரர், நல்ல தமிழ். நான் எடை மிஷினில் ஏறினேன். இறங்கியிருக்கிறது. பேச்சியையும் ஏறச் சொன்னார். செருப்பைக் கழற்றினாள். "தாலியையும் கழட்டணுமா?" என்று மல்லிகா காதில் கிசுகிசுத்தது எனக்கும் கேட்டது.

டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "மல்லிகா, ஊசி யாருக்குப் போட்டே?"

சொன்னவை: எனக்கு அளவைக் குறைக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகத் தின்ன வேண்டும். வயிறு போதும் என்றால் நிறுத்த வேண்டும். எண்ணெய்ப் பண்டம் கூடாது. பேச்சிக்கு ரத்தப் பரிசோதனை. பேச்சி வயிறு நிறையத் தின்ன வேண்டும். "அம்மா இப்படியே பட்டினி கிடந்தா ஐயாவுக்கு ஊசியை நிறுத்திடுவேன். முழங்கால் ஆபரேஷனும் தள்ளிப்போகும்."

"நிறுத்திருங்கம்மா" என்றாள் பேச்சி உடனே. "வயசு எழுபத்தொண்ணு ஆச்சு. இனிமே எந்த ஏணில ஏறப் போறாவ?"

"எழுத்து கிளாஸ் ஏணில" என்றேன்.

டாக்சியில் திரும்பினோம். மாஹிம் சிக்னலில் பேச்சி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எம் பேரை எழுதத் தெரியுமா ஒங்களுக்கு?"

"தெனமும் எழுதுதேன்."

ஜூலை 17, வியாழன். மழை.

ஊசி, பழைய குறைந்த அளவு.

மத்தியானம் சொன்னேன்: இன்றைக்கு நீ முதலில் தின்ன வேண்டும். நீ தின்று முடித்தால்தான் நான் தட்டைத் தொடுவேன்.

"பாவம் வந்துரும்."

"யாருக்கு?"

"ஒங்களுக்குத்தான்."

"வந்தா நான் பாத்துக்கிடுதேன். ஆபரேஷன் வேணும்னா நீ தின்னுதான் ஆவணும்."

"நீங்க பாத்துக்கிட்டு இருந்தா எறங்காது."

கடைசியில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். நான் அவள் முதுகைப் பார்த்து உட்கார்ந்தேன். அதே நெத்திலிக் கருவாடு. அவளுக்குப் பிடித்தது, அதையே வை என்று நான்தான் சொன்னேன். மூடியைத் திறந்ததும் வாடை கண்ணுக்குள் ஏறியது. வாயில் கசப்பு நீர். துண்டால் மூக்கைப் பொத்தினேன்.

"மூக்கப் பொத்துதியளோ?" திரும்பாமலே கேட்டாள்.

"இல்ல."

"பொய். கொரல் மூக்குல வருது."

சிரித்தாள். புரை ஏறியது. நான் எழுந்து செம்பில் தண்ணீர் கொடுத்தேன். அவள் தின்னும்போது நான் தண்ணீர் கொடுத்தது இதுதான் முதல் தடவை. அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். வாங்கிக்கொண்டு சிரிப்பை நிறுத்திவிட்டாள். பிறகு யாரையும் கேட்காமல் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள். முள்ளை உறிஞ்சும் சத்தம். வழிக்கும் சத்தம். அருவருப்பான சத்தங்கள்தான். இன்னும் கொஞ்ச நேரம் கேட்கலாம் போல் இருந்தது.

தட்டின் ஓரத்தில் எனக்கு ஒரு உருண்டை மோர்ச் சோறு. அவள் தின்ற தட்டிலேயே தின்றேன். பாக்கியம் எட்டிப் பார்த்தாள். "யம்மா, என்ன மதினி, அண்ணாச்சி ஒன் எச்சித் தட்டுல திங்காவ!"

"வா உள்ள. ஒனக்கும் இருக்கு" என்றாள் பேச்சி.

குமட்டியது. விழுங்கினேன். வயிற்றில் நின்றது.

விரல் வலிக்கிறது. அடுத்த வியாழன் ஊசி போட்டதும் எழுதுவேன். முதல் வரியில் வர வேண்டியது: பேச்சி என்ன தின்றாள், எத்தனை கரண்டி.