தானாக உடைந்த தொட்டி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சௌக்கியம். உன் அப்பாவும் சௌக்கியம்தான், அவருடைய கௌரவம் மட்டும் படுத்த படுக்கையாகக் கிடந்து இப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறது.

உன் பிள்ளை எதைச் செய்தாலும் "தானா உடைஞ்சிடுச்சு, தானா கிழிஞ்சிடுச்சு" என்கிறான், ஒத்துக்கொள்ள எப்படிப் பழக்குவது என்று போனில் புலம்பினாயே, அதே பாடத்தை அறுபது தாண்டிய ஒரு பிள்ளைக்கு நான் நடத்த வேண்டியதாகிவிட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா கேட் ஓரம் பெரிய ரோஜாத் தொட்டி வைத்திருந்தாளே, அது ஒருநாள் சுக்குநூறாகக் கிடந்தது. பழி அவள் மகள் வாலு மேல் விழுந்தது, எந்நேரமும் அங்கே சைக்கிளில் வட்டமடிப்பவள் அவள்தானே. நான் இல்லை என்று அழுதும் கேட்காமல் அம்மாக்காரி சைக்கிளைப் பூட்டிவிட்டாள். சனிக்கிழமை பள்ளியில் சைக்கிள் பந்தயம், பாவம் அந்தக் குழந்தைக்குச் சோறே இறங்கவில்லை.

நம் காரைத் துடைக்கப் போனால் பின் பம்பரில் மண்ணும் ரோஜா இதழும். யாருக்கு மாலை போட்டுவிட்டு வந்தீர்கள் என்று உன் அப்பாவைக் கேட்டேன். செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டு "தொட்டி சாய்ஞ்சிடுச்சு" என்கிறார். பின்னால பாத்து ரிவர்ஸ் எடு என்று தினமும் ஊருக்கே தொண்டை கிழியக் கத்தும் டிரைவிங் மாஸ்டர்! சாய்ந்ததா, சாய்த்தீர்களா என்றேன். "இடம் பத்தலை" என்றார், "வெயில் கண்ணுல அடிச்சுது" என்றார். வெயில், இடம், தொட்டி எல்லாம் குற்றவாளி, இவர் மட்டும் பச்சைக் குழந்தை. நான் விடுவேனா? காபி கேட்டார், அது இன்னும் தன்னைத்தானே போட்டுக்கொள்ளவில்லை என்றேன். சட்டை எங்கே என்றார், தானாகத் துவைந்து வரும், காத்திருங்கள் என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கசங்கின சட்டையோடு அவராகவே படியிறங்கிப் போனார். நான் மதில் ஓரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். "தொட்டி..." என்று இழுத்து, "தொட்டியை நான்தாம்மா உடைச்சேன், பின்னால பாக்காம எடுத்துட்டேன்" என்றார். தையல்காரம்மா பதில் சொல்லுமுன் வாலு வந்து நின்றாள். "நான் ஜன்னல்லேர்ந்து பாத்தேன் மாமா, அன்னிக்கே சொன்னேன். மாமா மேலயே பொய் சொல்றியான்னு அம்மா அடிச்சிட்டாங்க" என்றாள். உன் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது, மதிலுக்கு இந்தப் பக்கம் எனக்கும்தான்.

தையல்காரம்மா அன்றே சைக்கிள் பூட்டைத் திறந்துவிட்டாள். பந்தயத்தில் அவள் ஜெயிக்கவில்லை, ஓரத்தில் நின்று கத்திய இவர் குரல்தான் கட்டிப்போய்விட்டது. நம் பயல் "தானா" என்றால் உடனே கையை ஓங்காதே, உடைஞ்சுதா உடைச்சியா என்று கேட்டுவிட்டுப் பொறுத்திரு. உண்மையைச் சொன்ன பிறகும் அடித்தால் மறுபடி எதற்குச் சொல்வான்? நீயும் போன் பண்ண நேரமே அமையலை என்னாதே, பண்ணலை என்று சொல்.

எல்லோரும் நீடூழி நன்றாக இருங்கள். குட்டிப்பயலுக்கு இந்தக் கதையைச் சொல், ஆனால் யாரோ ஒரு மாமா என்று சொல்லிக்கொள், தாத்தா மானம் போகவேண்டாம் என்று எழுதியிருந்தேன். உன் அப்பா படித்துவிட்டுப் பேனாவைப் பிடுங்கி அந்த வரியை அடித்துவிட்டார். "யாரோ இல்ல, தாத்தான்னே சொல்லச் சொல்லு" என்கிறார்.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா