ஒரே பெயரில் இரண்டு டேபிள்

1996 நவம்பர் 6, புதன்

இன்று சாயம் தீர்ந்து ஃபாக்டரி நின்றது. பர்ச்சேஸ் கிளார்க் சரசாவின் திரையில் சாயம் நிறைய இருந்தது, அதனால் அவள் ஆர்டர் போடவில்லை. கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் என் லாகினில் பார்த்தால் இருப்பு பூஜ்யம். கம்ப்யூட்டரைப் பார்க்காமலே பொய் சொல்கிறாள் என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் கத்தினார். நாளை சஸ்பென்ஷனாம்.

"நான் பாத்ததத்தானே அண்ணா சொன்னேன்," என்றாள் என்னிடம்.

மாலையில் காரணம் பிடிபட்டது. சரக்கு இருப்பைப் பதியும் பொது டேபிளின் பெயரிலேயே அவள் லாகினுக்குள் இன்னொரு டேபிள் இருக்கிறது. டேட்டாபேஸ் முதலில் அவரவர் லாகினில்தான் தேடும். அங்கே கிடைத்துவிட்டால் பொது டேபிள் பக்கமே போகாது. அவள் இத்தனை நாளும் பார்த்தது பழைய நகல்.

ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டரை அணைத்துப் பொட்டு வைக்கும் முன் இருப்பு டேபிளுக்கு ஒரு நகல் எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். இந்த வருஷம் அதை எடுத்தவர் மேனேஜர். சரசா அன்று லீவு. அவள் சீட்டில், அவள் லாகினிலேயே எடுத்திருக்கிறார்.

அவரிடம் காட்டினேன். எழுந்து கதவைச் சாத்தினார்.

"சும்மா அத அழிச்சிடப்பா. யார்கிட்டயும் பேச வேணாம். எல்லாம் சரியாயிடும்."

ஆமாம், சரியாகிவிடும். நகலை அழித்தால் அவள் திரையிலும் பூஜ்யம் தெரியும். அவள் பொய் சொன்னதாகவே ஆகிவிடும்.

இன்னும் அழிக்கவில்லை. முடியாது என்றும் அவரிடம் சொல்லவில்லை. "சரி சார்" என்றுதான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.